‘பாதிர்’, ‘செபம்’, ‘மன்றாட்டு’: வேண்டுதற் சொற்களின் தோற்றமும் இலக்கணமும்

ஆய்வுச் சுருக்கம்

ஐரிஷ் மொழியில் வழிபாட்டு வேண்டுதலைக் குறிக்கும் ‘பாதிர்’ என்னும் சொல் இலத்தீன் மொழியின் விளிச்சொல் ஒன்றிலிருந்து பிறந்தது. தமிழில் அதே பொருட்புலத்தில் செபம், ஜெபம், வேண்டுதல், மன்றாட்டு, தொழுகை முதலிய சொற்கள் வழங்குகின்றன. அகராதிகள் இவற்றைப் பெரும்பாலும் ஒருபொருட் பன்மொழியாகவே அடுக்கிக் காட்டுகின்றன. ஆயினும், இவை ஏற்கும் துணைவினையும் வேற்றுமையும் ஒன்றல்ல. சொல்லின் பிறப்பு அது வந்த வழியைக் காட்டுகிறது. அச்சொல்லின் இலக்கணமோ வேண்டுதலைப் பற்றி அதனை வழங்குவோர் கொண்டுள்ள கருத்தைக் காட்டுகிறது. இக்கருத்தை ஐரிஷ் சொற்களையும் தமிழ்ச் சொற்களையும் ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செபம், மன்றாட்டு, வேண்டுதல், தொழுகை, பாதிர், துணைவினை, விளிவேற்றுமை, கடன்சொல்.

முன்னுரை

சேலத்திற்கு வடக்கே உயர்ந்து நிற்கும் சேர்வராயன் மலையில், ஏற்காட்டையும் குப்பனூரையும் இணைக்கும் மலைச்சாலையில் அமைந்த ஊர் கொட்டச்சேடு. இம்மலையின் தொல்குடியினர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயர் எவ்வாறிருப்பினும் அவர்தம் தாய்மொழி தமிழே. மலையுச்சியில் உள்ள சேர்வராயன் குகைக்கோயில் அவர்களுடைய தலைமை வழிபாட்டிடம். அங்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் திருவிழா நடைபெறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பிப் பயிர் இம்மலைக்கு வந்தது. காப்பித் தோட்டங்களை அடுத்துக் கிறித்தவத் திருச்சபைகளும் அவற்றின் கல்வி நிறுவனங்களும் வந்தன. 1917இல் தொடங்கப்பெற்ற மான்ட்ஃபோர்ட் பள்ளி அவற்றுள் ஒன்று. ஏற்காட்டில் இன்று கோயில், கத்தோலிக்க ஆலயம், சீர்திருத்தச் சபை ஆலயம், பள்ளிவாசல் ஆகியன ஒரே வட்டத்திற்குள் உள்ளன.

இத்தகைய சூழலில் ஒரே செயலுக்கு ஒரே மொழியில் பல சொற்கள் அருகருகே வாழ்கின்றன. கோயிலுக்குச் செல்வோர் ‘வேண்டுதல் வைக்கின்றனர்’. கத்தோலிக்கர் ‘செபம் சொல்கின்றனர்’. சீர்திருத்தச் சபையார் ‘ஜெபம் பண்ணுகின்றனர்’. இசுலாமியர் ‘தொழுகின்றனர்’, அதன் பின்னர் ‘துஆ கேட்கின்றனர்’. இவை தமிழகம் முழுவதற்கும் பொதுவான வழக்குகள். எனினும், சமயங்கள் நெருங்கி வாழும் மலையூர்களில் இவ்வேறுபாடு கூடுதல் தெளிவுடன் புலப்படும். இச்சொற்களை ஒன்றற்கு ஒன்று மாற்றாக வைத்துப் பேசினால் தமிழ் அறிந்த எவரும் அதனை உடனே உணர்வர். அகராதி காட்டாத இந்த உணர்வு எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. விடை காண, முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஐரிஷ் மொழியின் ஒரு சொல் துணைபுரிகிறது. ஐரிஷ் சொற்கள் இங்கு எழுத்தையும் ஒலியையும் தழுவித் தோராயமாகத் தமிழில் தரப்பட்டுள்ளன.

‘பாதிர்’: விளியிலிருந்து பெயர்

கத்தோலிக்கத் திருச்சபையில் இயேசு கற்பித்த வேண்டுதல் இலத்தீனில் ‘பாத்தெர் நோஸ்தெர்’ என்று தொடங்கும். ‘எங்கள் தந்தையே’ என்பது அதன் பொருள். அத்தொடரின் முதற்சொல்லாகிய ‘பாத்தெர்’ என்பதே ஐரிஷ் மொழியில் ‘பாதிர்’ ஆயிற்று. முதலில் அந்த ஒரு வேண்டுதலின் பெயராக இருந்த சொல், பின்னர் எவ்வகை வேண்டுதலுக்கும் பொதுப்பெயராக விரிந்தது. இன்றும் சுட்டிடைச்சொல் சேர்த்து ‘அன் ஃபாதிர்’ எனச் சொன்னால் இயேசு கற்பித்த வேண்டுதலையே குறிக்கும். வெல்ஷ் மொழியின் ‘பாதெர்’ என்பதும் இதே வழியில் வந்தது.

இதில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று ஒலி பற்றியது. கெல்திய மொழிகள் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் பகர ஒலியை மிகப் பழங்காலத்திலேயே இழந்துவிட்டன. ஆகவே தந்தையைக் குறிக்கும் ஐரிஷ் மொழியின் மரபுச்சொல் பகரம் இன்றி ‘அஹிர்’ என நிற்கிறது. இலத்தீனிலிருந்து ஐரிஷ் மொழி முதற்கட்டத்தில் கடன்பெற்ற சொற்களில் பகரம் ககரமாக மாறியது. உயிர்ப்புப் பெருவிழாவைக் குறிக்கும் ‘பாஸ்கா’ என்பது ‘காஷ்க்’ ஆனது இதற்குச் சான்று. பிற்காலத்தில் வந்த சொற்கள் பகரத்தை அப்படியே ஏற்றன. ‘பாதிர்’ இப்பிற்கால அடுக்கைச் சேர்ந்தது. ஆகவே ‘அஹிர்’, ‘பாதிர்’ ஆகிய இரண்டும் இறுதியில் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. ஒன்று வழிவழி வந்தது, மற்றொன்று கடனாக வந்தது. பொருளிலோ ஒன்று தந்தை, மற்றொன்று வேண்டுதல்.

மற்றொன்று இலக்கணம் பற்றியது. இலத்தீனில் ‘பாத்தெர்’ ஆண்பாற் சொல். ஐரிஷ் மொழியில் ‘பாதிர்’ பெண்பாற் சொல். அதனாலேயே சுட்டிடைச்சொல்லை அடுத்து வரும்போது சொல்முதற் பகரம் ஃபகரமாக மென்மையுறுகிறது. இதன் உடைமை வடிவம் ‘பாத்ரெ’ என இடையுயிர் கெட்டு வரும், பன்மை ‘பாத்ரஹா’. இவ்வடிவங்களில் தந்தை என்னும் பொருளின் சுவடே இல்லை. ஆளை அழைக்கும் விளி, சொல்லப்படும் ஒரு பனுவலின் பெயராக மாறியபோது அதன் பாலும் மாறியது. சிறுமைப் பொருள் தரும் ஈறு சேர்ந்த ‘பாத்ரீன்’ என்னும் சொல் செபமாலையைக் குறிக்கும். ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் ‘பீட்’ என்னும் சொல் முற்காலத்தில் வேண்டுதலையே குறித்தது என்பதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. வேண்டுதலை எண்ணப் பயன்பட்ட மணிக்கே வேண்டுதலின் பெயர் ஆகிவந்தது. பிறகு அப்பெயர் மணிக்கு மட்டுமே உரியதாயிற்று. தமிழ் ‘செபமாலை’ என்னும் தொகைச்சொல்லால் இதனை வெளிப்படையாகச் சொல்கிறது.

விளிச்சொல் பெயராவது தமிழுக்குப் புதிதன்று. ‘கோவிந்தா’ என்பது எட்டாம் வேற்றுமையாகிய விளிவடிவம். ஆயினும் ‘கோவிந்தா போட்டனர்’ என்னும் வழக்கில் அது முழக்கத்தின் பெயராக நின்று ‘போடு’ என்னும் வினைக்குச் செயப்படுபொருள் ஆகிறது. ‘அரோகரா போடுதல்’ என்பதும் இத்தகையதே. முதற்சொல்லால் வேண்டுதலுக்குப் பெயரிடும் முறையும் தமிழ்க் கத்தோலிக்கரிடம் உண்டு. மரியாளை வாழ்த்தும் செபம் பழைய மொழிபெயர்ப்பில் ‘பிரியதத்தம்’ எனத் தொடங்கியதால் ‘பிரியதத்த மந்திரம்’ என்றே பெயர்பெற்றது. மொழிபெயர்ப்பு மாறி ‘அருள் நிறைந்த’ என்று தொடங்கியபோது செபத்தின் பெயரும் ‘அருள் நிறைந்த மந்திரம்’ என மாறியது. தொடக்கச்சொல் மாறப் பெயரும் மாறுவது, பெயர் தொடக்கச்சொல்லில் வேர்கொண்டிருந்ததற்குத் தெளிவான சான்று.

பாதிரும் பாதிரியும்

‘பாதிர்’ என்னும் ஒலியைக் கேட்கும் தமிழருக்குப் ‘பாதிரி’ நினைவுக்கு வருவது இயல்பு. இங்கு உறவு உண்மையாகவே உள்ளது. ‘பாதிரி’ போர்த்துக்கீசிய மொழியின் ‘பாத்ரே’ என்பதன் தமிழ் வடிவம். ‘பாத்ரே’ இலத்தீன் ‘பாத்தெர்’ என்பதிலிருந்து வந்தது. ஒரே இலத்தீன் சொல் அயர்லாந்தில் வேண்டுதலாகவும் தமிழகக் கடற்கரையில் சமயகுருவாகவும் கரையேறியுள்ளது. மேலும், தமிழ்க் கிறித்தவ வழக்கில் நெடுங்காலம் ஆட்சிபெற்ற ‘பிதா’ வடமொழி வழி வந்தது. அதுவும் இலத்தீன் ‘பாத்தெர்’ என்பதும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தின் கிளைகள். ஐரிஷ் மொழிக்கு ‘அஹிர்’, ‘பாதிர்’ என இரட்டை வாய்த்ததுபோல் தமிழுக்குப் ‘பிதா’, ‘பாதிரி’ என இரட்டை வாய்த்தது. வேறுபாடு யாதெனின், ஐரிஷ் மொழிக்கு ஒன்று மரபுச்சொல். தமிழுக்கு இரண்டும் கடன்.

இவ்வுறவு ஒலி ஒற்றுமையால் மட்டும் நிறுவப்பட்டதன்று என்பதை வலியுறுத்த வேண்டும். ‘பாத்ரே’ தமிழுக்கு வந்த காலமும் வழியும் வரலாற்றால் அறியப்பட்டவை, ஒலிமாற்றமும் ஒழுங்குடையது. இவை இல்லாதவிடத்து ஒலி ஒற்றுமை சான்றாகாது. வேண்டுதலைக் குறிக்கும் மற்றோர் ஐரிஷ் சொல் ‘குயி’. அதனைத் தமிழ்க் ‘கூவு’ என்பதனோடு இணைக்கக் காது தூண்டலாம். ஆனால் ‘குயி’ என்பதன் பழைய வடிவம் ‘குதித்’ எனத் தகரம் போன்ற மெய்யொலி ஒன்றை உடையது. அதன் மூலமும் கிரேக்க மொழியில் ஏக்கத்தைக் குறிக்கும் ‘பொதோஸ்’ என்பதன் மூலமும் ஒன்றெனக் கொள்வர். பழைய வடிவத்தைக் கண்டவுடன் ‘கூவு’ என்னும் ஒப்பீடு வீழ்ந்துவிடுகிறது. வேர்ச்சொல் ஆய்வில் ஈடுபடுவோர் இன்றைய வடிவத்தை விடுத்துக் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

செபமும் ஜெபமும்

செபம் வடமொழி ‘ஜப’ என்பதன் தமிழ் வடிவம். வடமொழியில் அதன் வினையடி முணுமுணுத்தலையும் மெல்ல ஓதுதலையும் குறிக்கும். ஆகவே அச்சொல்லின் முதற்பொருள் கேட்டலோ இரத்தலோ அன்று. வகுக்கப்பட்ட மந்திரத்தைத் திரும்பத் திரும்ப உருவேற்றுதல்.

ஜகர அகரத்தில் தொடங்கும் வடசொற்கள் தமிழில் செகரத்தில் தொடங்குவது ஒழுங்கான மாற்றம். ஜயம் செயமாகவும், ஜன்மம் சென்மமாகவும், ஜகம் செகமாகவும் வருதல் காண்க. அண்ணச்சாயல் உடைய மெய்யை அடுத்த அகரம் எகரமாகத் திரிவது இதன் ஒலிக்காரணம். சகர மெய் அகரத்தோடு கூடி மொழிக்கு முதலாகாது எனத் தொல்காப்பிய மொழிமரபு கூறுவதும், வடசொல் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு புணர வேண்டும் என எச்சவியல் கூறுவதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கன. பின்வந்த நன்னூல் சகர முதன்மொழியை ஏற்றுக்கொண்டது. எனினும் ‘செ’ வடிவம் நிலைத்துவிட்டது.

இதனால் ஒரு நுண்ணிய செய்தி வெளிப்படுகிறது. சீர்திருத்தச் சபைகளின் திருமறை மொழிபெயர்ப்பு வழக்கில் நிலைபெற்ற ‘ஜெபம்’ கிரந்த எழுத்தோடு இருப்பதால் வடமொழி வடிவத்திற்கு நெருக்கமானதெனத் தோன்றும். ஆனால் அதன் எகரம் வடமொழிக்கு உரியதன்று. ‘ஜபம்’ தமிழ் நாவில் ‘செபம்’ ஆகி, அதன்மேல் கிரந்த எழுத்து மீண்டும் ஏறிய வடிவமே ‘ஜெபம்’. முதலெழுத்து வடமொழியையும் அதன்மேல் நிற்கும் உயிர் தமிழையும் காட்டுகின்றன. இன்று ‘ஜபம்’ இந்து சமய உருவேற்றலுக்கும், ‘செபம்’ பெரும்பாலும் கத்தோலிக்கருக்கும், ‘ஜெபம்’ சீர்திருத்தச் சபையார்க்கும் உரியனவாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு வடசொல்லின் மூன்று எழுத்துவடிவங்கள் மூன்று சமயக் குழுக்களின் அடையாளங்கள் ஆகியுள்ளன.

செபம் என்பதன் வினைவடிவம் ‘செபி’. தியானம்–தியானி, உபதேசம்–உபதேசி, சாபம்–சபி என்பனபோல் இகர ஈறு பெற்றுப் ‘படி’ என்னும் வினைபோல் செபித்தான், செபிக்கிறான், செபிப்பான் எனத் திரியும். அது ஏற்கும் செயப்படுபொருளே கூர்ந்து நோக்கத்தக்கது. ‘மந்திரத்தைச் செபித்தான்’ என்னும் தொடரில் செயப்படுபொருள் ஒரு பனுவல். இது வடமொழி முதற்பொருளோடு இசைந்தது. ‘செபமாலை செபித்தனர்’ என்னும் கத்தோலிக்க வழக்கிலும் அப்பனுவற் பொருளே தொடர்கிறது. ஆனால் ‘மழைக்காகச் செபித்தனர்’, ‘இறைவனிடம் செபித்தனர்’ என்னும் தொடர்களில் பனுவல் மறைந்து, கேட்கப்படுவோனும் கேட்கும் நோக்கமும் முன்வருகின்றன. ஓதுதல் இரத்தலாக மாறிய பொருள்மாற்றம் இங்கே வேற்றுமை உருபுகளின் மாற்றமாகப் பதிவாகியுள்ளது.

மன்றாட்டு: அறமன்றத்திலிருந்து ஆலயத்திற்கு

மன்று பலர் கூடும் பொதுவிடம். ஆநிரை நிற்கும் இடமும் அதுவே, வழக்குரைக்கும் அவையும் அதுவே. ‘மன்றாடு’ என்பது மன்று என்னும் பெயரும் ஆடு என்னும் வினையும் கூடியது. உரையாடு, சொல்லாடு, வழக்காடு, போராடு என்பன இதன் இனங்கள். அவற்றுள் ‘வழக்காடு’ பொருளாலும் மிக நெருங்கியது. அவையில் நின்று தன் முறையை எடுத்துரைத்தல் மன்றாடுதலின் பொருள்களுள் ஒன்று. கெஞ்சிக் கேட்டல் அதனோடு வளர்ந்த பொருள். டகர ஒற்று இரட்டித்துத் தொழிற்பெயராவது ‘பாடு–பாட்டு’ என்பதுபோல் ‘மன்றாடு–மன்றாட்டு’ என அமைந்தது. சோழர் கல்வெட்டுகளில் ‘மன்றாடி’ என்பது கோயிலின் நந்தாவிளக்குக்காக ஆடுகளை ஏற்று நெய்யளக்கும் இடையரைக் குறிக்கிறது. அம்பலத்தில் ஆடும் சிவபெருமானுக்கும் அது பெயராகும். எனவே வடிவொற்றுமை கொண்டு எல்லா ‘மன்றாடி’யையும் வேண்டுவோனாகக் கொள்ளுதல் பிழையாகும்.

அவைச்சொல் வழிபாட்டுச் சொல்லாவது பிறமொழிகளிலும் காணப்படுவதே. இலத்தீனில் வழக்குரைத்தலையும் சொற்பொழிதலையும் குறித்த ‘ஓராரே’ என்னும் வினை திருச்சபை இலத்தீனில் இறைவனிடம் வேண்டுதலைக் குறித்தது. மறுதலையாக, இந்திய நீதிமன்றங்களில் மனுவின் இறுதியில் மனுதாரர் கோரும் தீர்வைக் கூறும் பகுதி இன்றும் ‘பிரேயர்’ என்றே வழக்கறிஞரால் வழங்கப்படுகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடைபெற்றது. அதன்பின் திருவழிபாடு மக்கள்மொழிக்கு வந்தபோது தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் மன்றாட்டு சிறப்பிடம் பெற்றது. திருப்பலியில் இடம்பெறும் ‘நம்பிக்கையாளர் மன்றாட்டு’, முன்னர்ப் ‘பிரார்த்தனை’ எனப்பட்ட தொடர்வேண்டுதலுக்கு வழங்கும் ‘மன்றாட்டு மாலை’ ஆகியவை இதற்குச் சான்று. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் வேண்டுதல், மன்றாடுதல், இறைவேண்டல் ஆகிய தமிழ்ச் சொற்களுக்கே இடமளித்தது.

இம்மாற்றத்தைத் தூயதமிழ் நாட்டத்தின் விளைவாக மட்டும் காண்பது போதாது. இலக்கணத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. பொதுவழக்கில் ‘நீதிபதியிடம் மன்றாடினான்’ என்பதே இயல்பு; ‘மன்றாடு’ செயப்படுபொருள் குன்றிய வினை. ‘வழக்காடு’ என்னும் இனவினை முறையிடப்படுவோரை இரண்டாம் வேற்றுமையில் ஏற்பதே இல்லை. ஆனால் திருவழிபாட்டு வழக்கில் ‘உம்மை மன்றாடுகிறோம்’ என இரண்டாம் வேற்றுமை வருகிறது. ‘உம்மைத் தொழுகிறோம்’, ‘உம்மை வேண்டுகிறோம்’ என்பனவற்றின் ஒப்புமையால் இது அமைந்தது எனலாம். அவையில் எதிர்நின்று முறையிடப்படுபவர் இடப்பொருளில் நிற்கிறார்; வணங்கப்படுபவரோ வினையின் செயப்படுபொருளாக நிற்கிறார். அறமன்றச் சொல் ஆலயச் சொல்லாக முழுமையடைந்ததை இந்த ஓர் உருபு மாற்றம் காட்டுகிறது.

வேண்டுதலும் தொழுகையும்

‘வேண்டு’ விருப்பத்தையும் இரத்தலையும் ஒருங்கே குறிக்கும் சொல். ‘எனக்கு வேண்டும்’ என்னும் தேவைப்பொருளும் ‘இறைவனை வேண்டினான்’ என்னும் இரத்தற்பொருளும் ஒரே வேரைச் சார்ந்தவை. ஐரிஷ் ‘குயி’ என்பதும் இவ்வாறே இறைவனிடம் வேண்டுதலையும் பிறர்க்கு நலம் விழைதலையும் குறிக்கிறது; அதன் கிரேக்க உறவுச்சொல் ஏக்கத்தைக் குறிப்பது முன்னர்க் கூறப்பட்டது. தொடர்பற்ற இரு மொழிகள் விருப்பத்திலிருந்து வேண்டுதலுக்கு ஒரே வழியில் நடந்துள்ளன. ‘வேண்டு’ என்னும் வினை வேண்டப்படும் பொருளையும் வேண்டப்படுவோரையும் இரண்டாம் வேற்றுமையில் ஏற்கவல்லது: ‘மழையை வேண்டினர்’, ‘இறைவனை வேண்டினர்’. ‘மழையை மன்றாடினர்’ என்பது தமிழாகாது; ‘மழைக்காக’ என்றோ ‘மழை தரும்படி’ என்றோதான் கூற இயலும்.

‘வேண்டிக்கொள்’ என்னும் வடிவில் ‘கொள்’ துணைவினையாக வந்து, வேண்டுவோர் அச்செயலில் தம்மையும் ஈடுபடுத்திக்கொள்வதை உணர்த்துகிறது. புனிதரிடம் பரிந்துரை கேட்கும்போது பயன்பெறுவோர் நான்காம் வேற்றுமையோடு ‘ஆக’ பெற்று ‘எங்களுக்காக’ என நிற்பர். ஐரிஷ் மொழியில் இதே இடத்தில் ‘மேல்’ எனப் பொருள்படும் முன்னிடைச்சொல் வரும். ஒரு மொழி பயனைக் கொடையாகவும் மற்றொன்று மேலே வந்து படிவதாகவும் காண்கிறது. கோயில் வழக்கில் ‘வேண்டுதல் வைத்தல்’, ‘வேண்டுதல் நிறைவேற்றுதல்’, ‘பிரார்த்தனை செலுத்துதல்’ என்னும் தொடர்கள் உள்ளன. வைத்தலும் செலுத்துதலும் கடன்பட்டோர் செய்யும் செயல்கள். இங்கு வேண்டுதல் பேச்சாக முடிந்துவிடாமல், திரும்பச் செலுத்த வேண்டிய நேர்ச்சையாகிறது.

‘தொழு’ இரத்தலைக் குறிக்காது. வணங்குதலாகிய மெய்ப்பாட்டையே குறிக்கும். ‘மழையைத் தொழுதான்’ என்றால் மழை வணங்கப்படும் பொருளாகுமேயன்றிக் கேட்கப்படும் பொருளாகாது. தமிழ் இசுலாமியர் நாள்தோறும் ஐந்து வேளை நிகழ்த்தும் கடமையைத் ‘தொழுகை’ என்றும், தனிப்பட்ட இரத்தலைத் ‘துஆ’ என்றும் பிரித்து வழங்குவது இவ்விலக்கணத்தோடு முற்றிலும் பொருந்துகிறது. நிற்றல், குனிதல், நெற்றி தரையில் படப் பணிதல் ஆகியவற்றால் ஆன வழிபாட்டிற்கு மெய்யால் வணங்குதலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லே தகுதியுடையதாயிற்று. பாரசீகத்தின் ‘நமாஸ்’ என்பதும் வளைதலையும் வணங்குதலையும் குறிக்கும் வேரிலிருந்து வந்ததே.

தமிழ் அச்சுவரலாற்றின் தொடக்கமும் இப்பொருட்புலத்தில்தான் அமைந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’ ஆகிய இரு நூல்களும் கிறித்தவ மறைக்கல்வியைத் தமிழர்க்குச் சொல்லின. இவற்றின் தலைப்புகளில் ‘செபம்’ இடம்பெறவில்லை. வளைதலைக் குறிக்கும் ‘வணங்கு’ என்பதன் தொழிற்பெயரே இடம்பெற்றது.

துணைவினை காட்டும் வேறுபாடு

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் பெயரோடு சேரும் வினையே முதன்மையான வேறுபாட்டைக் காட்டுவது புலனாகும். ஐரிஷ் மொழியில் ‘பாதிர்’ என்பதனோடு ‘சொல்’ எனப் பொருள்படும் வினை சேரும். பொதுவேண்டுதலைக் குறிக்கும் ‘உர்னீ’ என்பதனோடு ‘செய்’ எனப் பொருள்படும் வினை சேரும். ‘குயி’ தானே வினையாக நிற்கும். தமிழில் கத்தோலிக்கர் ‘செபம் சொல்’, சீர்திருத்தச் சபையார் ‘ஜெபம் பண்ணு’, இருசாராரும் ‘வேண்டு’, ‘மன்றாடு’ என வழங்குவது இம்மூவகையோடு வியப்பளிக்கும் வகையில் ஒத்துள்ளது. சொல்லப்படுவது முன்னரே அமைந்த பனுவல். பண்ணப்படுவது அவ்வப்போது நிகழும் செயல். பெயரின் துணை வேண்டாது தானே வினையாய் நிற்பது, கேட்போர்க்கும் கேட்கப்படுவோர்க்கும் இடையிலான உறவு. சீர்திருத்தச் சபையாரிடம் ‘ஜெபத்தை ஏறெடுத்தல்’ என்னும் வழக்கும் உண்டு. அதில் வேண்டுதல் மேலே உயர்த்தப்படும் காணிக்கையாகிறது. இசுலாமியர் வழக்கிலும் தொழுகை ‘நடத்தப்படுகிறது’, துஆ ‘கேட்கப்படுகிறது’. கூட்டுக்கடமையும் தனி இரத்தலும் வினைகளாலேயே பிரிந்து நிற்கின்றன.

முன்னிலை வடிவத்திலும் இத்தகைய வேறுபாடு உண்டு. தமிழ்க் கிறித்தவ வேண்டுதல் இறைவனை ‘நீர்’ என விளித்து ‘அருளும்’, ‘கேளும்’ என உம் ஈற்று ஏவலைக் கொள்ளும். பக்தி மரபும் தமிழ் இசுலாமியர் வழக்கும் ‘நீ’ என்னும் ஒருமையையே பெரிதும் கொள்கின்றன. ஐரிஷ் மொழி வேண்டுதலிலும் முன்னிலை ஒருமையே வரும். விளியில் ஐரிஷ் மொழி பெயருக்கு முன் ‘அ’ என்னும் இடைச்சொல்லை வைத்துப் பெயரின் முதலெழுத்தை மென்மையாக்கும். தமிழ் பெயரின் ஈற்றைத் திரித்துத் தந்தை–தந்தாய், இறைவன்–இறைவா என அமைக்கும். ‘பிதாவே’ என்னும் விளி, ‘தந்தையே’ என்னும் விளிக்கு இடம் தந்தமை அண்மைக்காலத் தமிழ்த் திருவழிபாட்டு மாற்றங்களுள் ஒன்று. ஐரிஷ் மொழிக்குப் ‘பாதிர்’ என்னும் பெயரைத் தந்ததும் இவ்விடத்தில் நின்ற விளிச்சொல்லே.

முடிவுரை

வேண்டுதற் சொற்களின் பிறப்பு பலவாறானது. ‘பாதிர்’ விளியிலிருந்தும், ‘செபம்’ முணுமுணுப்பிலிருந்தும், ‘மன்றாட்டு’ அவையிலிருந்தும், ‘வேண்டுதல்’ விருப்பத்திலிருந்தும், ‘தொழுகை’ உடலின் வணக்கத்திலிருந்தும் வந்தன. பிறப்பை மட்டும் அறிந்தால் இன்றைய வழக்கு விளங்காது. செபி என்னும் வினை பனுவலை விட்டு நோக்கத்தை ஏற்றதும், மன்றாடு என்னும் வினை இடப்பொருளை விட்டு இரண்டாம் வேற்றுமையை ஏற்றதும் இலக்கணத்தின் வழியாகவே அறியப்படுகின்றன.

இதனால் அகராதியியலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஒரு கடமை எழுகிறது. வேண்டுதற் சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் தருவதோடு, அது ஏற்கும் துணைவினையையும் வேற்றுமையையும் வழங்கும் சமயச் சூழலையும் அகராதிகள் பதிவு செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாத அகராதியைக் கொண்டு மொழிபெயர்ப்பவர் ‘தொழுகை சொன்னார்’ என்றோ, ‘மழையை மன்றாடினர்’ என்றோ எழுத நேரும். கொட்டச்சேடு போன்ற மலையூர்களில் எழுத்தறியாத முதியவரும் இப்பிழையைச் செய்வதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய வினையை அவர்கள் வழக்கால் அறிவர். அவ்வழக்கறிவு அகராதிக்குள் முறையாக ஏறுவதே இத்துறையில் இனி நடைபெற வேண்டிய பணி.